எண்ணெய்க் குழாய்க்குள் ரப்பர்: இழுவை குறைப்பான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய்க்குச் சுமார் பத்து லிட்டர் ரப்பர். அவ்வளவுதான் கலக்கிறார்கள். பம்ப் மாறவில்லை, குழாய் மாறவில்லை. ஆனால் மறுமுனையில் வந்து சேரும் எண்ணெய் கூடிவிடுகிறது. இந்த ரப்பருக்கு ‘இழுவை குறைப்பான்’ என்று பெயர். துறைக்காரர்கள் வாயில் அது டி.ஆர்.ஏ., ஆங்கிலப் பெயரின் சுருக்கம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இழுவை குறைகிற வினோதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், கண்டுபிடிப்பாளர்கள் முடியைப் பிய்த்துக்கொண்டது வேறொரு இடத்தில்: பிசுபிசுவென்று ஒட்டும் அந்த ரப்பரை அறுந்துபோகாமல் எண்ணெய்க்குள் எப்படிச் சேர்ப்பது என்பதில். அதனால் கீழே உள்ள பதில்களும் அந்தப் பக்கமே கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

குழாயில் ‘இழுவை’ என்றால் என்ன?

குழாயின் ஒரு முனையில் பம்ப் கொடுக்கும் அழுத்தம், எண்ணெய் போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும். சுவர் எண்ணெயைப் பின்னுக்கு இழுப்பதுதான் காரணம். ஓட்டம் மெதுவாக இருந்தால் எண்ணெய் அடுக்கடுக்காக நழுவிப் போகும், இழுவை சொற்பம். வேகம் ஏறினால் கொந்தளிப்பு தொடங்கிவிடும். சுவரோரம் மெதுவாகப் போகிற எண்ணெய் நடுவுக்குத் தூக்கி எறியப்படுகிறது, நடுவில் வேகமாகப் போகிற எண்ணெய் சுவரில் வந்து மோதி வேகத்தை இழக்கிறது. கண்ணாடிக் குழாயில் சாயத்தை விட்டு இந்த இரண்டு வகை ஓட்டத்தையும் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1883-ல் காட்டினார். வேகம், குழாயின் விட்டம், திரவத்தின் பாகுத்தன்மை ஆகியவற்றை வைத்துக் கணக்கிடும், அவர் பெயரில் வழங்கும் ரேனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 2,300-ஐத் தாண்டினால் குழாயில் கொந்தளிப்பு எட்டிப்பார்க்கும். பெரிய எண்ணெய்க் குழாய்களில் அது லட்சக்கணக்கில் இருக்கும்.

கொந்தளிப்பின் விலையை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். கொந்தளித்து ஓடும் குழாயில் ஓட்டத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால், அழுத்தம் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு வேண்டும். பம்ப் இழுக்கும் ஆற்றலோ ஏழு மடங்கு. ‘இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போம்’ என்பது எவ்வளவு செலவு பிடிக்கும் யோசனை என்பது இதிலேயே தெரியும். அதோடு குழாயின் இரும்பு தாங்கும் அழுத்தத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

ரப்பரைக் கரைத்தால் எண்ணெய் கெட்டியாகத்தானே ஆகும்? அது எப்படி எளிதாக ஓடும்?

எல்லாருக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான், நியாயமான சந்தேகமும்கூட. ரப்பரைக் கரைத்தால் எண்ணெயின் பாகுத்தன்மை துளி கூடுகிறது, குறைவதில்லை. ஆனால் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு என்ற அளவில் அந்தக் கூடுதல் கருவியில்கூடச் சரியாகத் தெரியாது. மாற்றம் நடக்கும் இடம் வேறு.

குழாய்ச் சுவரை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பகுதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொந்தளிப்பு பிறப்பதும் அங்கேதான், அதற்குத் தீனி கிடைப்பதும் அங்கேதான். மெதுவான எண்ணெய் நீள நீளமான கீற்றுகளாகச் சுவரோரம் படுத்திருக்கும். திடீரென்று ஒரு கீற்று எழும்பி, நெளிந்து, நடுவை நோக்கி வெடித்துச் சிதறும். நம் ரப்பர் ஒரு பாலிமர், அதாவது சிறு மூலக்கூறுகளைக் கோத்த நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி சாதாரணமாகச் சுருண்ட நூல்கண்டு போலக் கிடக்கிறது. கீற்று எழும்பும் இடத்தில் எண்ணெய் ஒரு திசையில் இழுபடுகிறது; அந்த இழுப்பில் நூல்கண்டும் நீள்கிறது. நீண்ட நூல் மேற்கொண்டு நீள மறுத்து எதிர்த்து இழுக்கும். பக்கவாட்டில் நழுவுவதைக் கண்டுகொள்ளாத அதே கரைசல், நீட்டி இழுப்பதை மட்டும் ஆயிரக்கணக்கான மடங்கு பலத்தோடு எதிர்க்கிறது. சுழல் முழுதாக உருவாகும் முன்பே அதன் முதுகில் கை வைத்து அமுக்குவது மாதிரி.

விளக்கத்தில் பிணக்கு இல்லாமல் இல்லை. இழுப்பை எதிர்க்கும் பாகுத்தன்மைதான் காரணம் என்பது கொந்தளிப்பை ஆராய்ந்த ஜான் லம்லியின் வழி. நீண்ட சங்கிலி ரப்பர் பேண்ட் போல ஆற்றலைச் சேமித்துக்கொள்வதால்தான் சிறு சுழல்கள் அடங்குகின்றன என்றார் இயற்பியலாளர் பியர்-ஜில் டி ஜென். இன்றும் இரண்டு கட்சிக்கும் ஆள் இருக்கிறது. குழாயை இயக்குகிறவருக்கு இந்த வழக்கில் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இது குழாயின் உள்சுவரில் படியும் வழுக்குப் பூச்சா?

இல்லை. சுவரில் எதுவும் படிவதில்லை. உயவு எண்ணெயும் இல்லை. ஊற்றுவதை நிறுத்தினால், கலந்த எண்ணெய் கடந்து போனதுமே குழாய் பழைய நிலைக்கு வந்துவிடும். சொரசொரப்பைக் குறைக்கச் சுவரில் பூசும் பூச்சு என்பது தனி விஷயம்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

புத்தகங்களில் இதற்கு ‘டாம்ஸ் விளைவு’ என்று பெயர். பி. ஏ. டாம்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், பாலிமர்ச் சங்கிலிகள் ஓட்டத்தில் எப்படி அறுபடுகின்றன என்று பார்க்கத்தான் சோதனை செய்தார். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற பாலிமரை மோனோகுளோரோபென்சீன் என்ற கரைப்பானில் கரைத்துக் குழாயில் ஓடவிட்டார். கொந்தளிப்பு நிலையில், அதே அழுத்தத்துக்கு வெறும் திரவத்தைவிடக் கரைசல் அதிகமாக ஓடியது. 1948-ல் ஹாலந்தின் ஸ்கெவனிங்கனில் நடந்த முதல் சர்வதேச பாய்வியல் மாநாட்டில் இதைச் சொன்னார். சங்கிலி அறுவதைத் தேடிப் போனவர் கையில் இழுவைக் குறைப்பு கிடைத்தது. பின்னாளில் இழுவையைக் குறைக்கப் போனவர்களுக்குச் சங்கிலி அறுவதே தலைவலி ஆனது. இந்த முரணை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

ஆனால் சோதனை நடந்த காலத்தைப் பார்த்தால் கரோல் மைசல்ஸ் என்ற வேதியியலாளர் முந்திக்கொண்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் தீக்குண்டுகளுக்கான நேபாம் பற்றி ஆராய்ச்சி நடந்தது. பெட்ரோலை அலுமினிய சோப்பால் கெட்டியாக்கினால் கிடைக்கும் கொழகொழப்பான, இழுத்தால் நீளும் பொருள் அது. அந்தக் கெட்டிப் பெட்ரோலைக் குழாயில் ஓடவிட்டுப் பார்த்தபோது, வேகமான ஓட்டத்தில் சாதாரணப் பெட்ரோலைவிட அதற்குக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. மைசல்ஸ் இதைக் காப்புரிமையாக்கினார். 1949-ல் அது வழங்கப்பட்டது. குழாய்வழிப் போக்குவரத்துக்கு இதைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை அப்போதே இருந்தது. வணிக அளவில் நடைமுறைக்கு வர முப்பது வருடம் ஆனது. அந்த முப்பது வருடத்தில் என்ன தடை என்று கேட்டால், மேலே சொன்ன ரப்பர்ப் பிரச்சினைதான்.

பாலிமரில் எத்தனையோ வகை இருக்க, ரப்பர் மாதிரி இருப்பதுதான் ஏன் வேண்டும்?

இரண்டு நிபந்தனை. சங்கிலி மிக நீளமாக இருக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெயிலும் தானாகக் கரைய வேண்டும். முதல் நிபந்தனையை மட்டும் வைத்தால் மிக நீண்ட சங்கிலி கொண்ட பாலிஎத்திலீனே போதும். ஆனால் அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிப் படிகமாகிவிடும். படிகத்தை உருக்கும் அளவுக்குச் சூடாக்காமல் எண்ணெயில் கரையாது. ஓடும் குழாயில் அது நடக்கிற காரியமில்லை.

சங்கிலிகள் அடுக்காமல் இருக்க, ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் வால் முளைத்திருக்க வேண்டும். ஆல்ஃபா ஒலிஃபின்கள் என்னும் சிறு மூலக்கூறுகளைக் கோத்தால் அப்படித்தான் அமையும்: ஹெக்சீன், ஆக்டீன், டெசீன், டோடெசீன் ஆகியவை. டெசீனைக் கோத்தால் முதுகெலும்பின் ஒன்றுவிட்ட ஒவ்வொரு கார்பனிலிருந்தும் எட்டு கார்பன் நீள வால் தொங்கும். அந்த வால்கள் இருக்கும்போது சங்கிலிகள் ஒழுங்காக அடுக்க முடியாது; கிடைப்பது படிகமில்லாத, மென்மையான, ஒட்டும் ரப்பர். வால் அளவுக்கு மீறி நீண்டால் வால்களே தங்களுக்குள் அடுக்கிப் படிகமாகத் தொடங்கும். அதனால் இரண்டு மூன்று நீளங்களைக் கலந்து கோத்து, அந்த ஒழுங்கையும் வேண்டுமென்றே குலைக்கிறார்கள்.

டயர் ரப்பரைப் போட்டால் வேலை செய்யாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பரில் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டிருக்கும். எண்ணெயில் போட்டால் ஊதிப் பெருக்குமே ஒழியக் கரையாது. பாலிஐசோபியூட்டிலீன் என்ற ரப்பர் நன்றாகவே வேலை செய்யும். அதன் மேல் ஆராய்ச்சி ஏராளம்.

‘மிக நீளமான சங்கிலி’ என்றால் எவ்வளவு?

கணக்குப் போட்டே பார்க்கலாம். டெசீனின் மூலக்கூறு எடை 140. ஒரு கோடியே நாற்பது லட்சம் எடையுள்ள பாலிமர் என்றால் ஒரே சங்கிலியில் ஒரு லட்சம் டெசீன்கள். ஒவ்வொன்றும் முதுகெலும்பில் சுமார் கால் நானோமீட்டர் நீளத்தைச் சேர்க்கிறது. முழுக்க நீட்டிப் பிடித்தால் 25 மைக்ரோமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. ஒற்றை மூலக்கூறுக்கு இது பிரமாண்டமான நீளம். எண்ணெயில் சும்மா கிடக்கும்போது அது ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த கண்டாகச் சுருண்டுகொள்ளும். இந்தச் சுருளுக்கும் அந்த நீளத்துக்கும் உள்ள இடைவெளிதான் இழுவை குறைப்பானின் மொத்த மூலதனம்.

சங்கிலியின் நீளம் பாதியானால் பலன் பாதியாகக்கூட நிற்பதில்லை. அதைவிட மோசமாகச் சரியும். அதனால் தயாரிப்பில் ஒவ்வொரு அடியும் நீளத்தைக் காப்பாற்றுவதற்கே.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்த சீக்லர்-நட்டா வினையூக்கி கொண்டு. கார்ல் சீக்லரும் ஜூலியோ நட்டாவும் 1963-ல் வேதியியல் நோபல் பரிசை இதற்காகத்தான் பகிர்ந்துகொண்டார்கள். பிளாஸ்டிக் செய்கிறவர்கள் வேகமாகவும் நிறையவும் செய்யப் பார்ப்பார்கள். இங்கே நிதானமே கொள்கை: வினையூக்கி மிகக் குறைவு, வெப்பநிலை குறைவு, காத்திருப்பு அதிகம். வினையூக்கி குறைந்தால் சங்கிலிகளின் எண்ணிக்கை குறையும். ஒவ்வொன்றும் நீண்டு வளரும். ஈரமும் காற்றும் துளி புகுந்தால் வினையூக்கி செத்துவிடும்.

கரைப்பானுக்குள் வளர்த்தால் ஒரு கட்டத்தில் பாத்திரம் முழுதும் கலக்கியே அசையாத கூழாகிவிடும். அதனால் மூலப்பொருளில் பெரும்பகுதி மிச்சமிருக்கும்போதே நிறுத்த வேண்டியிருந்தது. பின்னாளில் கரைப்பானையே விட்டுவிட்டு, ஒலிஃபினையும் வினையூக்கியையும் மட்டும் கலந்து, அசையாமல் வைத்துக் கட்டி ரப்பராகவே உறைய விடும் முறை வந்தது. கலக்க வேண்டாம் என்றால் கூழாவதைப் பற்றி என்ன கவலை?

கரைப்பதில் அப்படி என்ன கஷ்டம்?

டியூப் பஞ்சர் ஒட்டும் ரப்பர் சொல்யூஷனை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்துப் பாருங்கள். நூல் நூலாக இழுபடும். அறுந்தால் சுருண்டு விரலிலேயே ஒட்டும். ஆரம்பகால இழுவை குறைப்பான் அந்த ஜாதிதான், இன்னும் பல மடங்கு கெட்டி. மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் பத்து சதவீதம் அளவுக்கே ரப்பர் இருக்கும். அதுவே தொட்டியை விட்டு நகராது. அழுத்தம் தாங்கும் கலத்தில் அடைத்து, மேலே நைட்ரஜன் வாயுவால் தள்ளி, பல்சக்கர பம்ப் வைத்து வெளியே எடுக்க வேண்டும். வாயைத் திறந்து விட்டால் ஒரு கயிறு போல வெளியே வரும். நடுவில் நிறுத்த நினைத்தால் அறுபடாது. லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் பத்து டன்னில் ஒன்பது டன் வெறும் கரைப்பான் என்பது இன்னொரு வயிற்றெரிச்சல்.

சரி, திட ரப்பரை நேரடியாக எண்ணெயில் போடலாமே? போடலாம். ஒரு கைப்பிடி உருண்டையைப் போட்டால் முதலில் மேற்பரப்பு ஊதும். ஊதிய தோல் கெட்டிக் கூழாகி, உள்ளே எண்ணெய் நுழைவதையே தடுக்கும். நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். வேகமாகக் கடைந்து கரைக்கலாம் என்றால், கடையும் கத்தியே சங்கிலிகளை அறுத்துவிடும். கரைந்து முடிந்தபோது கையில் இருப்பது குட்டைச் சங்கிலி, அதாவது பயனில்லாத ரப்பர். மெதுவாகக் கலக்கினால் கரையாது, வேகமாகக் கலக்கினால் உருப்படாது. இந்தத் துறையின் காப்புரிமைகளை வரிசையாகப் படித்தால் பாதிக்கு மேல் இந்த ஒரே முட்டுச்சந்தில் வழி தேடியவைதான்.

பிறகு எப்படி வழி கண்டார்கள்?

ரப்பரைப் பொடியாக்கி. சொல்ல எளிது. சாதாரண வெப்பநிலையில் ரப்பரை அரைவையில் போட்டால் நசுங்கும், சூடாகும், கத்தியைச் சுற்றிக்கொள்ளும், பொடியாகாது. ஆனால் எந்த ரப்பருக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதற்குக் கீழே போனால் கண்ணாடி போல விறைத்துவிடும். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனில் குளிப்பாட்டினால், சற்று முன்வரை ஒட்டிக்கொண்டிருந்த கட்டி, அடித்தால் கண்ணாடிச் சில்லு போலத் தெறிக்கும். அந்த நிலையில் அரைத்தால் மாவு போன்ற பொடி கிடைக்கும்.

சந்தோஷப்பட அவகாசமில்லை. குளிர் விட்டதும் பொடி மீண்டும் ரப்பர். ஒன்றோடொன்று ஒட்டிச் சில மணி நேரத்தில் மறுபடி ஒரே கட்டி. அதனால் அரைக்கும்போதே கால்சியம் ஸ்டீரேட் அல்லது மெழுகு போன்ற பொடியைச் சேர்த்து ஒவ்வொரு துகளுக்கும் மேலே ஒரு தூள் போர்வை போடுகிறார்கள். பிறகு தண்ணீர், கிளைக்கால், ஆல்கஹால் என்று ரப்பரைக் கரைக்காத ஏதாவது திரவத்தில் மிதக்க விடுகிறார்கள். பார்க்கப் பால் போல இருக்கும், சாதாரண பம்ப்பிலேயே போகும், கரைசல் காலத்துப் பத்து சதவீதத்தை விடப் பல மடங்கு ரப்பர் அதில் இருக்கும். எண்ணெய்க்குள் போனதும் போர்வை விலகும், துகள் ஊதும், ஓடிக்கொண்டே கிலோமீட்டர் கணக்கில் கரைந்து முடியும். துகள் சிறிது என்பதால் ஊதிய தோல் தடையாவதற்குள் உள்ளும் கரைந்துவிடுகிறது. கலக்கும் வேலையைக் கத்தியிடமிருந்து பிடுங்கிக் குழாயிடமே கொடுத்துவிட்டார்கள்.

தொட்டியில் நிறுத்தி வைத்தால் பொடி எழும்பி மேலே ஏடு கட்டும். வெயில் ஏறினால் துகள்கள் போர்வையை மீறி ஒட்டும். ஆகவே தொட்டியில் உள்ளதை மெல்லக் கலக்கிக்கொண்டும் நிழலில் வைத்தும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ரப்பர் மருந்தை வாங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

தொடக்கத்தில் ஒரு தடவை ஊற்றினால் கடைசிவரை வருமா?

வராது. அடுத்த பம்ப் நிலையம் வரைதான். மையவிலக்கு பம்ப்பின் இறக்கைகளுக்கு நடுவே எண்ணெய் படும் இழுப்பு சுவரோரம் படுவதைவிட மிகக் கொடியது. முழுக்க நீட்டப்பட்ட சங்கிலிக்கு நடுவில்தான் இழுவிசை உச்சம். அங்கேயே பட்டென்று இரண்டாகும். பாதிச் சங்கிலியால் பழைய வேலை ஆகாது. அதனால்தான் மருந்து எப்போதும் பம்ப்பைத் தாண்டிய பிறகே செலுத்தப்படும், ஒவ்வொரு நிலையத்திலும் புதிதாக. பம்ப்புக்கு முன்னால் செலுத்துவது காசை அரைவைக்குள் கொட்டுவது. பாதி திறந்த வால்வும் இதே கெடுதலைச் செய்யும்.

பம்ப் இல்லாத நேர் குழாயிலும் சுவரோரக் கொந்தளிப்பில் சங்கிலிகள் கொஞ்சம் கொஞ்சமாக அறுபடவே செய்யும். முடிவிடத்துக்கு அருகே பலன் இளைப்பது இதனால்.

எவ்வளவு பலன் கிடைக்கும்? உச்சவரம்பு உண்டா?

ஒரே ஓட்டத்தில் அழுத்த இழப்பு எத்தனை சதவீதம் குறைந்தது என்பதைத்தான் ‘இழுவைக் குறைப்பு’ என்று அளக்கிறார்கள். அழுத்தத்தை மாற்றாமல் ஓட்டத்தைக் கூட்டினால், 30 சதவீத இழுவைக் குறைப்பு ஏறக்குறைய 22 சதவீதக் கூடுதல் எண்ணெய் தரும். 50 சதவீதம் கிடைத்தால் 47 சதவீதம். கூடுதல் எண்ணெய் வேண்டாம் என்றால் அதே ஓட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு பம்ப்பை நிறுத்திவைக்கலாம்.

மருந்தைக் கூட்டக் கூட்ட பலனும் கூடிக்கொண்டே போகாது. முதல் சில பங்குகள் பெரிய மாற்றம் காட்டும். பிறகு வளைகோடு படுத்துவிடும். எந்தப் பாலிமரைப் போட்டாலும் தாண்ட முடியாத ஒரு கோடு இருப்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த பி. எஸ். விர்க் 1970 வாக்கில் பதிவு செய்தார். ரேனால்ட்ஸ் எண் ஒரு லட்சத்தில் அந்தக் கோடு 80 சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. அந்த நிலையிலும் ஓட்டம் அடுக்கடுக்காக நழுவும் சீரோட்டம் ஆகிவிடுவதில்லை. கொந்தளிப்பு அடங்கி முனகிக்கொண்டு இருக்கும்.

முதன்முதலில் பெரிய அளவில் எங்கே பயன்பட்டது?

அலாஸ்காவில். வடக்கே ப்ரூடோ பேயிலிருந்து தெற்கே வால்டெஸ் துறைமுகம் வரை 1,287 கிலோமீட்டர், 48 அங்குல விட்டம் கொண்ட குழாய். 1977 ஜூன் 20-ல் எண்ணெய் விடத் தொடங்கினார்கள். எடுக்கும் எண்ணெய் கூடிக்கொண்டே போக, பம்ப் திறன் போதவில்லை. பனிப் பிரதேசத்தில் இன்னும் பம்ப் வைப்பது நினைத்த மாத்திரத்தில் ஆகாது. 1979 ஜூலை 1-ல் கானோகோ நிறுவனம் உருவாக்கிய இழுவை குறைப்பானைச் செலுத்த ஆரம்பித்தார்கள். அப்போதையது நான் மேலே சொன்ன கயிறு போல வரும் கெட்டிக் கரைசல்தான். அதை வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. 1988-ல் அந்தக் குழாய் நாளொன்றுக்குச் சராசரியாக 20 லட்சம் பீப்பாயைத் தாண்டியது. ஒரு பீப்பாய் 159 லிட்டர்.

எல்லா எண்ணெய்க்கும் ஒத்துவருமா?

கொந்தளிப்பு இல்லாத இடத்தில் இதற்கு வேலையே இல்லை. கெட்டியான கனரகக் கச்சா எண்ணெய் மெதுவாகச் சீரோட்டமாக ஊர்ந்தால், எத்தனை ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. அங்கே சூடாக்குவதோ மெல்லிய எண்ணெய் கலப்பதோதான் வழி. கனரக எண்ணெய் கொந்தளிக்கும் வேகத்தில் ஓடினாலும் ஒலிஃபின் ரப்பர் அதில் நன்றாகக் கரையாது. அஸ்ஃபால்டீன் என்னும் தார் போன்ற கனமான பொருள் மிகுந்த எண்ணெய்க்கு மெத்தாக்ரிலேட் வகைப் பாலிமரை ரப்பர்ப்பால் போலக் குழம்பாகச் செய்து செலுத்துகிறார்கள். டீசல், பெட்ரோல் குழாய்களில் ஒலிஃபின் ரப்பர் கச்சிதம்.

சுத்திகரிப்பு ஆலையில், வண்டி எஞ்சினில் இது தொல்லை தராதா? விமான எரிபொருளில்?

ஒலிஃபின் ரப்பரில் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறில்லை. ஆலைக்கு வரும்போது பம்ப்புகளில் அடிபட்டுத் துண்டாகியிருக்கும். மிச்சத்தை உலையின் சூடு சிதைத்துவிடும். பெட்ரோல், டீசலிலும் அளவோடு இருக்கும்வரை சிக்கலில்லை.

விமான எரிபொருள் அனுப்பும்போது மட்டும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். முன்னால் போன டீசலில் இருந்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்கும் தனிக் கவனம் உண்டு. எஞ்சினுக்குள் எரிபொருள் நுண்துளியாகச் சிதற வேண்டும். நீண்ட சங்கிலியோ சிதறலைத் தடுக்கும். துளி பிரியும் இடத்தில் நூல் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் ‘குறை’யையே நிறையாக்கப் பார்த்த கதை ஒன்று உண்டு. விமானம் தரையில் மோதும்போது எரிபொருள் பனி போலத் தெளித்துத் தீப்பிடிப்பதுதான் உயிர்களைக் குடிக்கிறது. பாலிமர் கலந்தால் பனியே உண்டாகாதே! எஃப்.எம்.-9 என்ற பாலிமரைக் கலந்து, நாசாவும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் சேர்ந்து 1984 டிசம்பர் 1-ல் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் ஒரு போயிங் 720-ஐத் தொலைவிலிருந்து இயக்கி வேண்டுமென்றே தரையில் மோதவிட்டார்கள். இறக்கையைக் கிழிக்க நட்டுவைத்திருந்த இரும்புகளில் ஒன்று எஞ்சினுக்குள் புகுந்தது. கண நேரத்தில் பெரிய தீப்பந்து. அணைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதோடு அந்தத் திட்டம் படுத்துவிட்டது. பாலிமர் தோற்றதா, சோதனையில் இறக்கை கிழிந்த விதம் எல்லை மீறியதா என்று இன்றைக்கும் வாதாடலாம். எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு.

தண்ணீரிலும் இது நடக்குமா?

நடக்கும், பாலிமர்தான் வேறு. தண்ணீருக்குப் பாலிஎத்திலீன் ஆக்சைடு அல்லது பாலிஅக்ரிலமைடு. 1960-களின் கடைசியில் நியூயார்க் தீயணைப்புத் துறை ‘வழுக்குத் தண்ணீரை’ச் சோதித்தது. இரண்டரை அங்குலக் குழாய் தரும் தண்ணீரை ஒன்றே முக்கால் அங்குலக் குழாயிலேயே தர முடிந்தது. தண்ணீர் நிரம்பிய குழாயைத் தோளில் சுமந்து மாடிப்படி ஏறுகிறவருக்கு அந்த முக்கால் அங்குலம் சாதாரண விஷயமில்லை. பாறையைப் பிளந்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் கிணறுகளில் தண்ணீரோடு பாலிஅக்ரிலமைடு கலப்பது இன்று வழக்கமான காரியம். சில மீன்களின் மேல் உள்ள கொழகொழப்பும் தண்ணீரில் கலந்தால் இதே வேலையைச் செய்கிறது என்று 1970-களின் தொடக்கத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

குழாய்க்குள் நடப்பதைப் பார்க்க முடியாது. சங்கிலியின் குணத்தைப் பார்க்கலாம். நீண்ட சங்கிலிப் பாலிஎத்திலீன் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் நூற்றுக்கு இரண்டு பங்கு போட்டு, கடையாமல் மெல்ல உருட்டி, ஒரு நாள் ஊற விடுங்கள். கண்ணாடிக் குவளையில் நிரப்பி, அதை மேலே பிடித்துச் சாய்த்து, கீழே வைத்த இன்னொரு குவளைக்குள் ஊற்றத் தொடங்குங்கள். ஓட்டம் பிடித்ததும் மேலே உள்ள குவளையை நிமிர்த்துங்கள். ஊற்றுவது நிற்காது. திரவம் தானே சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்; கீழே இறங்கும் கயிறு மேலே உள்ளதை இழுத்துக்கொண்டு வருகிறது. கத்தரிக்கோலால் அந்தக் கயிற்றை வெட்டினால் மேல்பகுதி சட்டென்று சுருங்கிக் குவளைக்குள் திரும்பிப் போகும்.

பிறகு அதே கரைசலை மிக்சியில் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டு, நுரை அடங்கியதும் மறுபடி ஊற்றிப் பாருங்கள். நிறம் மாறியிருக்காது, அளவு குறைந்திருக்காது. குவளையை நிமிர்த்தியதும் ஓட்டம் மட்டும் நின்றுவிடும்.